வெட்டி எடுத்த ஒப்பாரி

எங்கள் பக்கத்துச் செத்தவீட்டில் உங்கள் பேரைச் சொல்லி, உங்கள் தலையில் ஒரு பழியைப் போட்டு அழவில்லை என்றால், நீங்கள் கோபித்துக்கொண்டு எழும்பிப் போகலாம். ஒருவரும் குறை சொல்லமாட்டார்கள். என் பெரியம்மா ஒருத்தி அப்படிப் போனவள். "ஊரெல்லாம் சொல்லி அழுதவள், என்னை ஒரு சொல்லுத் திட்டினவளா? நான் என்ன ரோட்டால போனவளா?" என்று கேட்டுவிட்டு எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவுக்கும் வரவில்லை. ஒப்பாரியில் பழி சொன்னால் நீ என் ஆள் என்று அர்த்தம். பேர் வராவிட்டால் நீ அந்நியம். இலங்கைத்துறையில் பிறந்த எல்லாருக்கும் இது தெரியும். தெரிந்துகொண்டே ஒருவன் செய்த வேலையைத்தான் சொல்ல வருகிறேன். அவனைத் திட்டாமல் சொல்ல என்னால் ஏலாது. அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தங்கமுத்து என் அண்ணனின் பெண்சாதி, எனக்கு மச்சாள். அவளைப் போல வாயாடியை நான் கண்டதில்லை. கருவாட்டுக்கு மீன் பிளக்கும்போதும் வாய் ஓயாது. கத்தி ஒரு பக்கம் போகும், கதை ஒரு பக்கம் போகும், விரலில் ஒரு கீறல் விழாது. சிரித்தால் மீன்வாடிக்கு அந்தப் பக்கம் நிற்கிறவனும் திரும்பிப் பார்ப்பான். ஆனால் ஒரு சாவு என்றால் அவளை ஆள் அனுப்பித்தான் கூப்பிடுவார்கள். வந்து பிரேதத்துக்குப் பக்கத்தில் குந்தி, தலைமயிரை அவிழ்த்துவிட்டு முதல் அடியை எடுத்தாள் என்றால், அதுவரைக்கும் கல்லு மாதிரி இருந்த பெண்டுகளுக்கும் அழுகை வந்துவிடும். அழுது முடித்து எழும்பி, முகத்தைக் கழுவிப்போட்டு, "ஆரடி தேத்தண்ணி போட்டது, சீனியே இல்லை" என்பாள்.

சுனாமிக்குப் பிறகு பள்ளிக்கூடத்து முகாமில் இருந்தபோதுதான் அவளுக்கு நஜ்முன் நிஸாவின் சிநேகிதம் கிடைத்தது. நிஸா மூதூர்க்காரி. இரண்டு பேருக்கும் ஒரே வயதில் ஒவ்வொரு பொடியன். மச்சாளுடைய மகன் ஜதுசன், நிஸாவின் மகன் ஹஸன். இரண்டும் ஒரு பாயில் உருண்டு, ஒரு கோப்பையில் சாப்பிட்டு, ஒன்றையொன்று கடித்துக்கொண்டு வளர்ந்தவை. பிறகு சண்டை வந்தது, ஊர் கலைந்தது, ஆளுக்கொரு திக்கில் ஓடினோம். திரும்பி வந்த கையோடு மச்சாள் செய்த முதல் வேலை, மூதூருக்குப் போய் நிஸாவைத் தேடியதுதான். அன்றிலிருந்து இவள் கருவாடு போடுவாள், அவள் வந்து ஏற்றிக்கொண்டு போய் மூதூரில் விற்பாள். பொடியன்கள் வளர்ந்ததும் இரண்டு பேரும் சேர்ந்து ஒரே போட்டில் தொழிலுக்குப் போனார்கள்.

என் அண்ணன் வருத்தம் வந்து படுத்துச் செத்தபோது நிஸா வந்து செத்தவீட்டு இரண்டு நாளும் நின்றாள். எல்லாம் முடிந்த பிறகு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தாள். என்ன என்று கேட்டால், "எல்லாரையும் செல்லி அழுதாய், என்ட பேர் மட்டும் வரல்லியே தங்கம்? நான் ஒனக்கு ஆருமில்லையா?" என்றாள். எங்கள் வழக்கத்தை எங்களைவிட நன்றாகப் படித்து வைத்திருந்தாள். மச்சாள் அந்தத் துக்கத்திலும் சிரித்துவிட்டாள். "கோவிக்காதயடி, அடுத்த சாவுக்குச் சேர்த்துவிடுறன்" என்றாள்.

அடுத்த சாவு ஜதுசனுடையது.

போட் முகத்துவாரத்தில் பிரண்டு கவிழ்ந்தது. வாடைக்காலம், முகத்துவாரத்தில் அலை எப்படி எழும்பும் என்று ஒருவரும் சொல்ல முடியாது. ஹஸன் ஒரு பிளாஸ்டிக் கானைக் கட்டிப்பிடித்தபடி அரை உயிரோடு ஒதுங்கினான். ஜதுசன் வெருகல் பக்கம் கரை தட்டினான். தண்ணீரில் கிடந்து பழுதான உடம்பு என்று பெட்டியைத் திறக்க விடவில்லை. ஒற்றைப் பிள்ளையின் முகத்தைக் கடைசியாகப் பார்க்கக் கிடைக்காத தாய் அவள்.

ஊர்ச் சாவுக்கெல்லாம் அழுதவள் தன் பிள்ளைக்கு அழுதாள். மூடிய பெட்டியைத் தட்டித் தட்டி அழுதாள்.

"பெத்த வயிறு பாவி வயிறெண்டு
பிந்தித்தானே தெரிஞ்சுதடா
கும்பிட்ட சாமியெல்லாம்
குந்தியிருந்து பாத்ததடா
மாமியெண்டு ஒருத்தி இருந்தாள்
மறிச்சு ஒரு சொல் சொன்னாளில்ல
நிஸா எண்டு ஒருத்தி இருந்தாள்
நேந்து உன்னைக் காத்தாளில்ல
கூடப்போன தோழன் வந்தான்
கடலில உன்னை விட்டு வந்தான்"

அந்த மாமி நான்தான். என்னையும் விட்டுவைக்கவில்லை பாருங்கள். நான் நெஞ்சில் அடித்துக்கொண்டு போய் அவளைக் கட்டிப்பிடித்தேன். தன் பேர் வந்ததும் நிஸா "யா அல்லாஹ்" என்று அவள் மடியில் விழுந்தாள். ஹஸன் காலில் கட்டோடு நொண்டி வந்து பெட்டிக்கு முன்னால் குந்தினான். மச்சாள் அவன் தலையை இழுத்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு மிச்சத்தை அழுதாள். அந்த முற்றத்தில் நின்ற ஒருவருக்கும் அது குற்றச்சாட்டாகப் படவில்லை. தன் பிள்ளையோடு அவனையும் ஒரு பிள்ளையாகச் சேர்த்து அழுகிறாள் என்றுதான் எல்லாருக்கும் விளங்கியது.

பெட்டி போன பிறகு அவள் ஹஸனிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். "என்ட பிள்ளை கடைசியா என்ன சொன்னவன்?"

"இப்ப ஏலா மாமி. முப்பத்தொண்டாம் நாள் செலவுக்கு வந்து செல்றன். ஒங்கட முகத்தைப் பாத்துச் செல்றன்" என்றான்.

அதற்குப் பிறகு அவள் அந்த ஒன்றுக்காகத்தான் இருந்தாள். சோறு வேண்டாம், நித்திரை வேண்டாம். முகம்தான் பார்க்கக் கிடைக்கவில்லை, கடைசிச் சொல்லாவது கிடைக்கட்டும் என்று. "ஹஸன் வந்து சொல்லுவான்" என்று என்னிடம் காலையிலும் சொல்லுவாள், பின்னேரமும் சொல்லுவாள்.

இனி அந்த நாசமாய்ப் போவானைச் சொல்ல வேண்டும். நிசாந் எங்கள் ஊர்ப் பொடியன்தான். படித்துவிட்டு டவுனில், லிங்கநகரில் அறை எடுத்து இருந்துகொண்டு, ஏதோ மீடியா வேலை என்று திரிந்தவன். பிரதேச சபைத் தேர்தல் வந்ததும் ஒரு சுயேச்சைக் குழு அவனைப் பிரசாரத்துக்குப் பிடித்தது. செத்தவீட்டுக்கு வந்தவன் மூலையில் நின்று போனில் எடுத்திருக்கிறான். நாங்கள் கவனிக்கவில்லை. கவனித்திருந்தாலும் எங்கள் பிள்ளைதானே என்று விட்டிருப்போம்.

ஒரு நாள் வீட்டு வளவில் மச்சாளும் நானும் மீனைக் காயப்போட்டுக்கொண்டு நின்றோம். தூரத்தில் ஒரு பொம்பிளை அழுகிற சத்தம் கேட்டது. மச்சாள் கையைத் துடைத்துக்கொண்டு ரோட்டுக்கு ஓடினாள். "ஆரடி செத்தது? ஆற்ற வீட்டில?" என்று வழியில் வந்தவர்களை எல்லாம் கேட்டாள். சத்தம் கிட்ட வந்தது. ஸ்பீக்கர் கட்டிய ஒரு ஓட்டோ. அதற்குள்ளிருந்து அவளுடைய குரலே அழுதுகொண்டு வந்தது.

"கூடப்போன தோழன் வந்தான், கடலில உன்னை விட்டு வந்தான்."

அது மட்டும்தான். வயிறும் இல்லை, சாமியும் இல்லை, மாமியும் இல்லை, நிஸாவும் இல்லை. அந்த இரண்டு அடி, திருப்பித் திருப்பி. பிறகு ஒரு ஆம்பிளைக் குரல்: "ஒரு தாய் கேட்கிறாள். இன்று ஜதுசன். நாளை உங்கள் பிள்ளையா? எங்கள் கடல் எங்கள் கையில் இருக்க வாக்களியுங்கள்." ஓட்டோ எங்களைக் கடந்து போய்விட்டது. மச்சாள் ரோட்டு நடுவில் நின்றாள். மீன் செதிள் ஒட்டிய கையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

உடனே வெளிக்கிட்டு, அந்தக் குழு திறந்து வைத்திருந்த தேர்தல் கந்தோருக்குப் போனோம். நிசாந் எழும்பி ஓடிவந்து மச்சாளைக் கதிரையில் இருத்தி, சோடா உடைத்துக் கொடுத்தான். தேனொழுகும் கதை.

"தம்பி, அது ஒப்பாரியடா. உனக்குத் தெரியாதா? அதை நிப்பாட்டு. ஹஸன் ஒரு பிழையும் செய்யாதவன்" என்றாள் மச்சாள்.

"அம்மா, நாங்கள் ஹஸனெண்டு பேர் சொன்னமா? ஒருத்தரையும் குற்றம் சொல்லேல்ல. நீங்கள் கேட்டதைத்தான் நாங்கள் கேக்கிறம். ஒரு தாய் கேக்கக் கூடாதா?"

"நான் அவனைக் கேக்கேல்லையடா."

"ஓமம்மா, ஓம். அதையே உங்கட வாயால சொல்லுங்கோ, நான் எடுத்துப் போடுறன். சனம் விளங்கிக்கொள்ளும்."

அவள் நம்பினாள். நானும் நம்பினேன், மடைச்சி. போனுக்கு முன்னால் இருந்து எல்லாவற்றையும் சொன்னாள். ஹஸன் தன் பிள்ளை மாதிரி என்றாள். அவனை யாரும் அடித்துப்போடுவார்களோ என்று பயமாக இருக்கிறது, தயவுசெய்து அந்தப் பாட்டைப் போடாதீர்கள் என்றாள். அடுத்த நாள் பேஸ்புக்கில் வந்தது என்ன தெரியுமா? மச்சாளின் முகம். "எனக்குப் பயமா இருக்கு. போடாதீங்கோ." அவ்வளவுதான். கீழே கொட்டை எழுத்தில்: தாயின் வாயை அடைக்கப் பார்ப்பது யார்?

அதற்குப் பிறகு அவள் என்ன சொன்னாலும் அது அவர்களுக்கு லாபம். இல்லை என்றால், மிரட்டிப்போட்டார்கள் என்றார்கள். வாயை மூடிக்கொண்டு இருந்தால், பாவம் பயந்துபோனாள் என்றார்கள். சந்தியில் நான் நின்று சண்டை பிடித்தேன். "உனக்கு அவங்கள் என்ன தந்தவங்கள்?" என்று என்னையே கேட்டார்கள். மூதூர்ப் பக்கம் இன்னொரு குழு அதே இரண்டு அடியைத் தங்களுடைய ஓட்டோவில் போட்டது. "பாருங்கள், எங்கட பிள்ளையைக் கொலைகாரன் எண்டு பாட்டுப் படிக்கிறாங்க." ஒரு பிள்ளையின் சாவை வைத்து இரண்டு கரையிலும் வாக்குச் சேர்த்தார்கள்.

ஹஸன் எங்கள் இறங்குதுறைக்கு ஒரு தரம் வந்தான். உடைந்த போட்டைப் பார்க்க வந்தவனை எங்கள் பொடியன்கள் மறித்துத் திருப்பி அனுப்பினார்கள். அவனுடைய வலையை யாரோ துண்டு துண்டாக அறுத்து வைத்திருந்தார்கள். மூதூரில் அவன் ஆட்களோ, "அந்தப் பக்கம் போய் ஏன் எங்கட மானத்தை வாங்குறாய்?" என்று ஏசினார்களாம். நிஸா வருவதை நிறுத்தினாள். கருவாடு உரப்பையில் கிடந்தது.

இதெல்லாம் கொடுமைதான். ஆனால் பெரிய கொடுமை வேறு. அந்த ஓட்டோ காலையிலும் மாலையிலும் எங்கள் வாசல் படலையைக் கடந்து போகும். மச்சாள் முதலில் காதைப் பொத்தினாள். பிறகு பொத்தாமல் இருந்தாள். பிறகு கேட்கத் தொடங்கினாள். சத்தம் வர முதலே கத்தியை வைத்துவிட்டுக் காது கொடுப்பாள். பார்க்க வருகிற பெண்டுகளும் சும்மா இருக்கவில்லை. "பெத்த மனசு பொய் சொல்லுமா அக்கா" என்று ஆளுக்கு ஒரு பிடி நெருப்புப் போட்டுவிட்டுப் போனார்கள்.

ஒரு நாள் மீன் பிளந்துகொண்டு இருந்தவள் தலையை நிமிர்த்தாமல் கேட்டாள்: "ஏன் மலர், போட்டில ஒரு கான்தானே இருந்தது?"

"ஓம் மச்சாள்."

"அது ஏன் ஹஸனிட்ட இருந்தது?"

"என்ன விசர்க் கதை கதைக்கிறீங்கள்? ஒப்பாரி சொன்னது நீங்கள்தானே. உங்களுக்குத் தெரியாதா?"

"நான்தான் சொன்னனான். அதுதான் கேக்கிறன். நான் யோசிச்சுச் சொல்லேல்லையே, தானா வந்ததுதானே. தாய்க்குத் தெரியாமலா அப்பிடி வந்தது?"

தன் வாயிலிருந்து வந்ததைத் தனக்கே சாட்சியாக்கி வைத்திருந்தாள். நான் கத்தினேன், கெஞ்சினேன், நிஸாவின் தலையில் சத்தியம் பண்ணினேன். அவள் மீனுக்கு உப்புப் போட்டாள். அன்றைக்கு எனக்கு அவள் மேலும் கோபம் வந்தது. கடவுளே, அவளில் என்ன பிழை?

முப்பத்தொன்றுக்கு ஹஸன் வந்தான். வரமாட்டான் என்றுதான் நான் நினைத்தேன். சந்தியில் நின்ற கூட்டத்துக்கு நடுவால், தாயைப் பின்னால் இருத்தி, தானே ஓட்டோ ஓட்டிக்கொண்டு, பட்டப்பகலில் வந்தான். செத்தவனுக்குப் படைத்து முடிந்திருந்தது. முற்றத்தில் சனம் சாப்பிட்டுக்கொண்டு இருந்தது, அவனைக் கண்டதும் கை நின்றது. நான் ஓடிப்போய் நிஸாவின் கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்தேன்.

ஹஸன் மச்சாளுக்கு முன்னால் நிலத்தில் இருந்தான். நன்றாக மெலிந்திருந்தான். "மாமி, செல்ல வந்தனான்" என்றான்.

இந்த ஒரு நிமிசத்துக்காகத்தானே அவள் ஒரு மாதமாக உயிரைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். கேள் மச்சாள், கேள், பிள்ளை கடைசியாக என்ன சொன்னவன் என்று கேள் என்று நான் மனதுக்குள் மன்றாடினேன்.

அவள் அவன் முகத்தை வடிவாக உற்றுப் பார்த்தாள். "ஏன்டா விட்டிட்டு வந்தனீ?" என்று கேட்டாள்.

அவள் அதை ராகம் போட்டுக் கேட்கவில்லை. தலைமயிர் முடிந்திருந்தது, கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. பொலிஸ் கேட்கிற மாதிரிக் கேட்டாள்.

"இதை நீங்களா கேக்குறீங்க மாமி?" என்றான்.

"ஊரே கேக்குது."

அவன் எழும்பினான். படலையைத் தாண்டிப் போனான். நிஸா வாசலில் நின்று திரும்பினாள். "என்ட பேர் வரல்ல எண்டு ஒரு நாள் ஒன்னோட கோவிச்சவள் நான். வந்தா இதுதான் எண்டா, நான் அந்நியமாகவே இருந்திருப்பன் தங்கம்" என்றாள். அழுதுகொண்டு சொன்னாள்.

தேர்தல் முடிந்தது. அந்தக் குழுவுக்கும் இடம் கிடைத்தது, மறு கரைக் குழுவுக்கும் இடம் கிடைத்தது. வென்றவர்கள் இரண்டு பேரும் தோளில் கை போட்டு நிற்கிற படம் வந்தது. மச்சாளின் முகம் பேஸ்புக்கிலிருந்து காணாமல் போனது. கடைச் சந்தியில் நிசாந்தைக் கண்டேன். விடுவேனா நான்?

"டேய், உன்ட கொப்பன் செத்த அண்டைக்கு உன்ட கொம்மா என்ன சொல்லி அழுதவள்? கள்ளுக்குக் கூட்டிப்போய்க் கெடுத்தானே எண்டு என்ட புருசனைச் சொல்லி அழுதவள். அவர் அதைக் கேட்டுக்கொண்டுதானே உன்ட கொப்பன்ட பெட்டியைத் தூக்கினவர்? உனக்குத் தெரியாதாடா, ஒப்பாரி என்னெண்டு?"

அவன் தலையைக் குனிந்தான். "தெரியுமக்கா. அது தேர்தல் வேலை. இப்ப எல்லாம் முடிஞ்சுதுதானே" என்றான். நான் அவனுக்குச் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத ஏலாது.

மச்சாள் இப்போது ஒரு செத்தவீட்டுக்கும் போவதில்லை. கூப்பிட ஆள் வந்தால், தலையிடி என்று சொல்லி அனுப்பிவிடுவாள். மீன் பிளக்கும்போது கதை இல்லை, கையில் வெட்டுக் காயம் இருக்கிறது. ஹஸன் கட்டாருக்குப் போய்விட்டான் என்று கேள்விப்பட்ட அன்று மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "கேட்டிருக்கலாமடி. ஏனடி நான் அதைக் கேக்கேல்ல? என்ட பிள்ளை என்ன சொன்னவன் எண்டு இனி ஆர் எனக்குச் சொல்றது?" அந்த அழுகையில் பாட்டு இல்லை.

நான் வெட்கத்தை விட்டு மூதூருக்குப் போனேன். நிஸா கதவைத் திறந்தாள், தேத்தண்ணி தந்தாள். மச்சாள் அழுததைச் சொன்னேன். கேட்டுக்கொண்டு இருந்தாள். கனநாளைக்குப் பிறகு, போன கிழமை, என் போனுக்கு ஒரு குரல் பதிவு அனுப்பியிருந்தாள். ஹஸன் அங்கிருந்து பேசியது. நான் கேட்டேன். கேட்டுவிட்டு, செருப்பும் போடாமல் மச்சாள் வீட்டுக்கு ஓடினேன்.

அவளைப் பிடித்து இருத்தி, போனை அவள் காதுக்குக் கிட்ட வைத்தேன்.

"மாமி, நான் ஹஸன். போட் பிரண்டதும் என்ட காலை வலை சுத்திட்டுது. ஜதுதான் முங்கி வந்து அறுத்துவிட்டவன். கான் அவன்ட கையிலதான் இருந்திச்சு. அவன்தான் எனக்குத் தந்தான். ஒனக்குக் கால் ஏலாடா, நீ இதைப் பிடிச்சுக்கிட்டுக் கிட, நான் நீந்திப் போய் ஆள் கூட்டி வாறன் எண்டான். போகக்குள்ள திரும்பிச் சிரிச்சான் மாமி. அம்மாட்ட சோத்தைப் போட்டு வைக்கச் சொல்லடா, பசிக்குது எண்டான். அதான் கடைசி. அவன் தந்த உசிர் மாமி இது. அதை வெச்சுக்கிட்டு ஒங்கட முகத்தைப் பாத்துச் செல்ல எனக்கு ஒரு மாசம் வேண்டியிருந்திச்சு. அதுக்குள்ள..."

அத்தோடு பதிவு நின்றுவிட்டது.

"சோத்தைப் போட்டு வைக்கச் சொன்னவனோ" என்று மச்சாள் மெல்லமாகச் சொன்னாள். இன்னொரு தரம் போடச் சொன்னாள், போட்டேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். எனக்கென்றால் சந்தோசத்தில் நெஞ்சு வெடித்துவிடும் போல இருந்தது. அப்பாடா, கிடைத்துவிட்டது, பெத்தவளுக்குப் பிள்ளையின் கடைசிச் சொல் கிடைத்துவிட்டது என்று அவள் முதுகைத் தடவினேன்.

அவள் கண்ணைத் திறந்து போனைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"இது முழுக்கவோ மலர்? வெட்டி ஒட்டினதோ?"

"ஐயோ மச்சாள், என்ன கேக்கிறீங்கள்? இது ஹஸன்ட குரல்தானே!"

"ஓட்டோவில வந்ததும் என்ட குரல்தானேயடி" என்றாள்.